தசையும் தூது அனுப்பும்

பத்தாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். கணையத்தைக் கரும்பலகையில் வரைந்து, இன்சுலின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்க தாத்தாவுக்குச் சர்க்கரை இருக்கு டீச்சர். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காங்க. நடந்தா கணையம் நிறைய இன்சுலின் சுரக்குமா?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டிற்கு வந்து படித்த பிறகே தவறு புரிந்தது. உடற்பயிற்சியின்போது பொதுவாக இன்சுலின் சுரப்பு குறையவே செய்கிறது. ஆனாலும் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. தசை சுருங்கும்போது, குளுக்கோஸைக் கடத்தும் புரதங்கள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இதற்கு இன்சுலினின் கட்டளை தேவையில்லை. மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்தினேன். நடைப்பயிற்சி மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தேடிப் படித்தபோது இன்னொரு செய்தியும் கிடைத்தது. தசை சர்க்கரையைச் செலவிடுவதோடு நிற்பதில்லை. ஹார்மோனைப் போல இரத்தத்தின் வழியே மற்ற உறுப்புகளுக்குச் செய்தியும் அனுப்புகிறது.

2000ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டனர். அதில் பங்கேற்றவர்கள் ஒரு காலை மட்டும் 5 மணி நேரம் மடக்கி நீட்டினார்கள். மற்றக் கால் ஓய்வில் இருந்தது. இரண்டு கால்களிலிருந்தும் திரும்பும் இரத்தத்தைச் சோதித்தபோது, உழைத்த காலிலிருந்து மட்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் வெளிவந்திருந்தது. தசையிலிருந்து வரும் இத்தகைய புரதங்களுக்கு 2003இல் 'மயோகைன்' என்ற பெயரை அக்குழு முன்மொழிந்தது.

இந்த இன்டர்லூகின்-6 கல்லீரலிலிருந்து குளுக்கோஸ் வெளிவர உதவுகிறது. கொழுப்பு கரைவதைத் தூண்டுகிறது. நோயெதிர்ப்புச் செல்களிலிருந்து வரும்போது அழற்சியோடு தொடர்புடைய அதே புரதம், உழைக்கும் தசையிலிருந்து வரும்போது அழற்சியைத் தணிக்கும் பொருள்களைக் கூட்டுகிறது. நீடித்த மெல்லிய அழற்சி, நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் துணைபோவது என்பதால் இது முக்கியமானது. 2012இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 'இரிசின்' என்ற மற்றொரு தசைப் புரதத்தை அறிவித்தனர். கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் தூதுப்பெண்ணான ஐரிஸின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

வகுப்பில் இந்தச் செய்தியை அப்படியே சொல்லவில்லை. இரண்டு கால்களை வரைந்து, "உழைத்த காலைச் சோதித்தது சரி. சும்மா இருந்த காலை ஏன் சோதித்தார்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: "ஒப்பிட்டுப் பார்க்கத்தான் டீச்சர். இல்லன்னா அது உடம்புல வேற எங்கிருந்தாவது வந்திருக்கலாமே!" கட்டுப்பாட்டுச் சோதனை என்பதை நான் வரையறுத்துச் சொல்லாமலே அந்த மாணவர் புரிந்துகொண்டார். மேல்நிலை வகுப்புகளில் இதையே வினாவாகக் கொடுக்கலாம். தொடக்க வகுப்புகளுக்கு, ஓடுவதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணச் சொல்வதே போதும். உடல் உழைக்கும்போது உள்ளே ஏதோ மாறுகிறது என்பதைக் குழந்தைகள் விரல்நுனியிலேயே உணர்வார்கள்.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கேட்டு வாங்கித் திருப்புதல் நடத்துபவர்களில் நானும் ஒருத்தி. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பிள்ளைகளுக்கு மைதானத்தில் கிடைக்கும் நேரம் மட்டுமே அதில் ஒரு பகுதி. தசை செய்யும் வேலையைப் பாடமாக நடத்திவிட்டு, தசைக்கு வேலை கொடுக்கும் நேரத்தை நானே எடுத்துக்கொள்வது எப்படிச் சரியாகும்?

இந்த ஆண்டு அந்தப் பாடவேளையை நான் கேட்கவில்லை. திருப்புதலுக்கு வேறு நேரம் தேடிக்கொண்டேன்.