தேவை அறிதல்

பிணியின் காரணம் அறியாது மருந்து கொடுக்கும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. தொழில் நிலையங்களுக்கும் இது பொருந்தும். குறை கண்டவுடன் தொழிலாளரைக் கடிந்துகொள்வது எளிது. உண்மையில் வேண்டப்படுவது யாது என்று ஆராய்வதே அரிது.

அகமதாபாத் நகரின் காலிகோ ஆலையில் 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. ஆயினும், எதிர்பார்த்தவாறு உற்பத்தி பெருகவில்லை. துணியில் பழுதும் மிகுந்தது. 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்து அறிஞர் ஏ. கே. ரைஸ் அங்கு வந்து, வேலை நடக்கும் முறையைக் கூர்ந்து நோக்கினார். அக்கூடத்தில் 224 தறிகள் இருந்தன. 29 தொழிலாளர் 12 வகை வேலைகளைப் பகுத்துச் செய்தனர். நெய்பவர் ஒருவர், அறுந்த இழைகளைச் சீர்செய்பவர் வேறொருவர், எண்ணெய் இடுபவர் மற்றொருவர். ஆனால், 'இவை எம் தறிகள்' என்று கூறும் குழு எதுவும் இல்லை. குறை பொறியில் இல்லை, உழைப்பிலும் இல்லை, வேலையைப் பகுத்த முறையிலேயே இருந்தது.

ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழுவே முழுப் பொறுப்பேற்கலாம் என்று ரைஸ் கருதினார். தொழிலாளர் அக்கருத்தை விரும்பி ஏற்றுத் தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். நாளடைவில் உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது.

மாணவர்களே! தேவையை ஆராய்வோர் முதலில், இருக்கவேண்டிய நிலை யாது, இருக்கும் நிலை யாது என்று காண்பர். பின்னர், இரண்டிற்கும் இடையேயுள்ள குறைவின் காரணத்தைத் தேடுவர். வேலை செய்வோரிடமே கேட்டறிவர். அதன் பின்னரே பொருளைச் செலவிடுவர். காரணம் அறியாது செய்யும் செலவு, ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரே ஆகும்.