மண்ணில் மறைந்த வரப்புகள்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

முன்னுரை

மாக்கோலத்தின்மீது ஊர்ந்து செல்லும் எறும்புக்கு வெள்ளைக் கோடுகள் மட்டுமே தெரியும். மாடியில் நின்று பார்ப்பவருக்கே முழுக் கோலமும் தெரியும். நிலமும் அப்படித்தான். இங்கிலாந்தின் புல்வெளிகளில் நடந்து செல்வோருக்கு வெறும் மேடுபள்ளமாகத் தோன்றுவது, ஆகாய விமானத்திலிருந்து பார்த்தால் பல நூற்றாண்டுகளுக்கு முன் உழவர் உழுத வயல்களாகத் தெரிகிறது. அவ்வயல்களின் எல்லைகளை அறிஞர்கள் கண்டறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

அக்கால வயல்கள்

இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பல ஊர்களைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பெருவயல்கள் இருந்தன. அவற்றுக்குள் வேலி கிடையாது. ஒவ்வொரு பெருவயலும் நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு குடியானவரின் பட்டைகள் ஒரே இடத்தில் இராமல் பல இடங்களில் சிதறிக் கிடந்தன.

நமது நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்லும். அவர்களுடைய கனமான கலப்பையோ மண்ணை ஒரே பக்கமாகப் புரட்டிப் போடும். பட்டையைச் சுற்றிச் சுற்றி உழுததால் மண் ஆண்டுதோறும் நடுவில் சேர்ந்து மேடாயிற்று; இரு மேடுகளுக்கு இடையே பள்ளம் விழுந்தது. பல இடங்களில் அப்பள்ளமே எல்லையாக விளங்கியது. எட்டு எருதுகள் வரை பூட்டிய ஏரைத் திருப்ப நிறைய இடம் வேண்டும். ஆகவே, முனை வருமுன்பே எருதுகளை வளைத்து ஓட்டினர். இதனால் பட்டைகள், 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தாற்போல் வளைந்தன.

நாம் சொல்லும் 'பர்லாங்கு' என்ற சொல்லுக்கு உழவுசாலின் நீளம் என்பதே பொருள். அது 220 கஜம். அதனோடு 22 கஜ அகலம் சேர்ந்தால் 4840 சதுர கஜம், அதாவது ஒரு ஏக்கர்!

எல்லைகள் அழியாதது ஏன்?

1348-49ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோயால் மக்கள்தொகை பெரிதும் குறைந்தது. பிற்காலத்தில் கம்பளி வியாபாரம் இலாபம் தந்தது. எனவே பல வயல்கள் ஆட்டு மேய்ச்சல் நிலங்களாயின. புல், பழைய உழவுசால்களைப் போர்வைபோல் மூடிக் காத்தது.

காட்டிக் கொடுக்கும் அடையாளங்கள்

முதலாவது நிழல். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது சிறு மேடும் நீண்ட நிழல் தரும். நண்பகலில் அதே நிலம் சமவெளிபோல் தோன்றும்.

இரண்டாவது பயிர். மேடுகள் சமப்படுத்தப்பட்ட பின்னும் புதைந்த பள்ளத்தில் ஈரம் தங்கும். வறண்ட கோடையில் அங்கே பயிர் பச்சையாகவும் உயரமாகவும் நிற்கும், சுற்றிலும் வெளிறிவிடும்.

மூன்றாவது மண்ணின் நிறம். புதிதாக உழுத நிலத்தில் பழைய பள்ளங்கள் கருங்கோடுகளாகத் தெரியும்.

அறிஞர்களின் உழைப்பு

முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து வேவு பார்த்த ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, பின்னர் அவ்வனுபவத்தைத் தொல்லியலுக்குப் பயன்படுத்தினார். மாரிஸ் பெரஸ்ஃபோர்டு என்பவர் 1948இல் ஒரு சோதனை செய்தார். பக்கிங்காம்ஷயரில் உள்ள பேட்பரி என்ற ஊருக்கு 1591இல் வரைந்த நிலப்படம் இருக்கிறது. அதனை விமானப் படத்தோடு ஒப்பிட்டபோது, பழைய பட்டைகளும் தரையிலுள்ள மேடுபள்ளங்களும் பெரிதும் பொருந்தின. அவரும் ஜே. கே. செயிண்ட் ஜோசப்பும் சேர்ந்து 1958இல் இத்தகைய படங்களை நூலாக வெளியிட்டனர். இன்று லேசர் ஒளியைப் பாய்ச்சி, மரங்களுக்கு அடியிலுள்ள நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் அளக்கின்றனர்.

ஆயினும் கண்ட கோடெல்லாம் பழைய வரப்பாகிவிடாது. வடிகாலும் குழாயும்கூடக் கோடு காட்டும். குறுகி நேராக ஓடும் மேடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினவை; அகன்று வளைந்தவையே பழையவை. ஆதலால் படத்தைப் பார்த்தபின் தரையில் நடந்தும் ஆராய வேண்டும்.

முடிவுரை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிராக்டர் உழவால் இத்தடயங்களில் பெரும்பகுதி அழிந்தது. நடு இங்கிலாந்தைப் பற்றி 2001இல் வெளிவந்த ஆய்வு, முதன்மையாகக் காக்க வேண்டியவை என 43 ஊர்களின் வயல்களையே குறிப்பிட்டது. அரசர்களுக்குக் கோட்டைகள் உண்டு. பிரபுக்களுக்குக் கல்லறைகள் உண்டு. பெயர் தெரியாத உழவருக்கோ இம்மண்மேடுகளே நினைவுச் சின்னம். ஒரே ஒரு நாள் உழவில் அது மறைந்துவிடும். மறைந்தால் மீண்டும் எழுத யாராலும் இயலாது. ஆகவே தோழியரே, வரலாற்றை ஏட்டில் மட்டுமன்றி, காலடி மண்ணிலும் படிக்கக் கற்போமாக!