வெட்டிய கரும்பும் பரிசோதனை மாதிரியும்

வெட்டிய கரும்பு தாமதமின்றி ஆலையைச் சேர வேண்டும் என்பது நெல்லிக்குப்பத்து உழவர்கள் நன்கறிந்த செய்தி. நாள் கடந்தால், கரும்பிலேயே உள்ள இன்வெர்டேஸ் என்னும் நொதி அதன் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்துவிடும். ஆலைக்குக் கிடைக்கும் சர்க்கரை குறையும்.

பரிசோதனைக்காக எடுக்கப்படும் இரத்தம், சளி, மூக்குத் திரவம் ஆகியவற்றின் நிலையும் இதுவே. காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வையோ, கொரோனா, எச்.ஐ.வி. வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வையோ தேடும் பரிசோதனைகளில், அம்மரபுப்பொருள் சிதையாமல் ஆய்வகத்தை அடைவது இன்றியமையாதது. அதனைத் துண்டாக்கும் நொதிகள் நியூக்ளியேஸ் எனப்படும். உணவைச் செரிக்கவும் கிருமிகளை எதிர்க்கவும் உதவும் இந்நொதிகள் நம் தோலிலும் உமிழ்நீரிலும் இரத்தத்திலும் உள்ளன. மாதிரி உடலை விட்டு வெளியேறிய பின்னும் இவற்றின் வேலை நிற்பதில்லை.

ஆய்வகத்தில் நாங்கள் இவற்றைப் பல வழிகளில் தடுக்கிறோம். இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் உள்ளது. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் பெரும்பாலான நொதிகள் செயல்படுவதற்கு மக்னீசியம் போன்ற உலோக அயனிகள் தேவை; இ.டி.டி.ஏ. அவற்றைப் பிடித்துவைத்துக் கொள்கிறது. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் பலவற்றுக்கோ உலோகமே தேவையில்லை. அவற்றுள் ஆர்.என்.ஏஸ்-ஏ என்பது கொதிக்கவைத்தாலும் ஆறியபின் மீண்டும் செயல்படும் உறுதியுடையது. ஆதலால் எச்.ஐ.வி. வைரஸ் அளவை அறியும் இரத்தத்தில் பிளாஸ்மாவை உரிய நேரத்துக்குள் பிரித்தெடுக்கிறோம். தொண்டை, மூக்கு மாதிரிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் அனுப்புகிறோம். குளிர் நொதிகளை அழிப்பதில்லை. அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது.

மரபுப்பொருள் வழியிலேயே சிதைந்துவிட்டால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். சிகிச்சை தள்ளிப்போகும், காசநோயாயின் வீட்டிலுள்ளோருக்கும் அது பரவக்கூடும்.

எனவே நோயாளிகளும் உடனிருப்போரும் கவனிக்க வேண்டியவை:

• சளிக் குப்பியின் உட்புறத்தையும் மூடியின் உட்பகுதியையும் விரலால் தொடாதீர்கள். மூடியை இறுக மூடுங்கள்.

• வெயிலிலோ, நிறுத்திய வண்டியினுள்ளோ மாதிரியை வைக்காதீர்கள். நிழலில் வைத்து, அன்றே கொண்டுவந்து சேருங்கள்.

• இரத்தக் குழாயை உறைபெட்டியில் வைக்காதீர்கள். உறைந்து உருகும்போது அணுக்கள் உடைந்து, அவற்றினுள் இருக்கும் நொதிகள் வெளிப்படும்.

• மாதிரி எடுத்த நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். தாமதம் நேர்ந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

மறுமுறை மாதிரி கேட்கப்பட்டால் நோய் முற்றிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். முதல் மாதிரி பழுதுபட்டிருக்கலாம் என்ற ஐயமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஐயத்துக்குரிய முடிவை நம்பி வீடு திரும்புவதைவிட, இன்னொரு முறை மாதிரி கொடுப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு.