ரிப்பேர் பில்லில் ‘புதியது’ என்ற ஒரு சொல்



கடைக்கு ஒரு லோடு சீனி வந்தால் மில் பெயர், மூட்டைக் கணக்கு, எடை, வரி, லாரி வாடகை எல்லாவற்றையும் பில்லோடு ஒத்துப் பார்த்துத்தான் இறக்குகிறோம். ஒரு மூட்டை நனைந்திருந்தால்கூட உடனே போன் போடுகிறோம். அதே நாம், தராசையோ ஃப்ரீசரையோ ரிப்பேர் பார்க்க வந்தவர் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் தொகையைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். என்ன பாகம் மாற்றினார், அது புதியதா, வேறொரு மெஷினிலிருந்து கழற்றியதா என்று கேட்பதில்லை. கேட்காததால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு நேர்ந்ததிலிருந்தே சொல்லுகிறோம்.

2021ஆம் ஆண்டு ஆவணி மாதம். எங்கள் பருப்பு மண்டியில் உள்ள 300 கிலோ எலக்ட்ரானிக் மேடைத் தராசில் எண்கள் நிலையாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. ரிப்பேர் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, “லோடு செல் போய்விட்டது, புதுசு போட வேண்டும்” என்றார். மேடைக்கு அடியில் பாரத்தைத் தாங்கி, அதை மின்குறிப்பாக மாற்றி எண் காட்டும் பெட்டிக்கு அனுப்பும் உலோகக் கட்டைதான் லோடு செல். தராசின் உயிரே அதில்தான். ரூ. 6,500 என்றார், கொடுத்தோம். “தராசு சர்வீஸ் 6,500” என்று சீட்டு எழுதினார். கழற்றிய பழைய பாகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். பில் போட்டால் வரி சேரும் என்று அவர் சொன்னதும், வேண்டாம் என்று சொன்னதும் நாங்கள்தான்.

மூன்று வாரம் கழித்து, பல வருடமாக எங்களிடம் துவரம்பருப்பு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். பத்து மூட்டை கொண்டுபோயிருந்தார். “அண்ணாச்சி, மூட்டைக்கு முந்நூறு கிராம் குறையுது. என் தராசுலயும் பார்த்தேன், பக்கத்துக் கடைத் தராசுலயும் பார்த்தேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவர் மெதுவாகத்தான் சொன்னார். மொத்தக் குறைவு மூன்று கிலோ, அதைக் கொடுத்துவிடலாம். அந்த மூன்று வாரத்தில் மண்டியிலிருந்து போன மற்ற மூட்டைகளை நினைத்துத்தான் எங்களுக்கு அன்று இரவு தூக்கமில்லை.

வேறொரு மெக்கானிக்கை அழைத்து மேடையைத் தூக்கிப் பார்த்தோம். லோடு செல்லில் ஒட்டியிருந்த புது ஸ்டிக்கர் நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. அதற்கடியில் வேறொரு நம்பர் பொறித்திருந்தது. ஒயர் நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தது. போல்ட் துளைகளைச் சுற்றி ஏற்கெனவே ஒருமுறை முடுக்கிய தடம் இருந்தது. எங்கோ உடைப்புக்குப் போன தராசிலிருந்து கழற்றியது அது. அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டதற்கு வந்த பதில் இது: “புதுசுன்னு நாங்க எங்கே எழுதிக் கொடுத்திருக்கோம்?”

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கும் எழுதவில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய பொருளையோ, இரண்டாம் கைப் பொருளையோ, புதுப்பித்த பொருளையோ புதியது என்று பொய்யாகச் சொல்லுவது ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்று அதன் 2(47) பிரிவு வெளிப்படையாகவே சொல்லுகிறது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இது இருந்தது. புதிய சட்டத்தில் சேர்ந்த ஒன்றை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்: விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் அல்லது ரசீது கொடுக்காமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். ரிப்பேர்காரருக்குப் பொருந்தும் இந்த வரி மளிகைக் கடைக்காரருக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இதில் வியாபாரிகளான நமக்கு ஒரு சிக்கல் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பழைய கம்ப்ரசரைப் போட்டு ஏமாற்றினால் வீட்டுக்காரர் நுகர்வோர். அதில் தர்க்கமே இல்லை. கடைத் தராசுக்கும் கடை ஃப்ரீசருக்கும் வந்தால், “இவர் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர், நுகர்வோர் அல்ல” என்று எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்கும். பழைய சட்டத்தில் சேவையைப் பொறுத்தவரை இந்த விலக்கு முதலில் இல்லை. 2002இல் திருத்தம் செய்து 2003 மார்ச் 15 முதல் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய கதைகளைக் கேட்டு இன்றும் சிலர் தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள்.

விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. சுயதொழில் செய்து, தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. இதன் எல்லை எது என்பதை 1995இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் விளக்கியது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டில் மெஷின் வாங்கிய நிறுவனம் தொடுத்த வழக்கு அது. அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் அதே தீர்ப்பில், தானே உழைத்துப் பிழைப்பவர் உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் நுகர்வோர் என்ற தகுதியை இழக்கமாட்டார் என்றும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு வழக்கிலும் உள்ள உண்மைகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

ஆகவே தானும் மனைவியுமாக நின்று, ஒரு பையனை உதவிக்கு வைத்து மளிகைக் கடை நடத்துகிறவர் துணிந்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். தன் புகார் மனுவிலேயே “இது என் சுயதொழில், என் குடும்பத்தின் பிழைப்பு இதுதான்” என்று எழுத வேண்டும். பலர் இந்த வரியை எழுதாமல் விட்டுவிட்டு, எதிர்த்தரப்பு கேட்டபின் தடுமாறுகிறார்கள். பத்துப் பேரை வைத்து மண்டி நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியதுதான்.

இன்னொரு நுணுக்கம். புதிய சட்டத்தின் விளக்கம் ‘வாங்கிப் பயன்படுத்தும் பொருள்’ என்றுதான் பேசுகிறது. மொத்தமாக “சர்வீஸ்” என்று பில் இருந்தால் அது சேவை மட்டும்தான் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தவர்களாவோம். பாகத்தின் விலை தனி, கூலி தனி என்று பில் இருந்தால், பாகம் ஒரு பொருளாக நமக்கு விற்கப்பட்டது என்பது தெளிவு. மண்டிக்காரர்களுக்கும் இது பயன்படும். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. அது வியாபாரிக்கும் உண்டு, வியாபாரி அல்லாதவருக்கும் உண்டு. அதன்படி சிவில் கோர்ட்டுக்குப் போக மூன்று வருடம் அவகாசம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம்தான்.

ஆணையத்துக்குப் போவது நாம் பயப்படுகிற அளவுக்குச் செலவான காரியமல்ல. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். கம்பெனி சென்னையில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இது புதிய சட்டம் தந்த வசதி. பாகத்தின் குறையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாவிட்டால் ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்; அந்தச் செலவை மட்டும் முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். ஆகையால் சந்தேகப்பட்ட பாகத்தை நாமே பிரித்துக் கெடுத்துவிடக் கூடாது. போட்டோ எடுத்து, அப்படியே வைத்து, முதலில் பதிவுத் தபாலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை என்பது எல்லோருக்கும் தெரியும். இடையில் சீலை உடைத்து ரிப்பேர் செய்தால், வருடம் முடியாவிட்டாலும், மறுபடி சரிபார்த்து முத்திரை வைத்த பிறகே அந்தத் தராசில் வியாபாரம் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். “முத்திரையை நாங்க பார்த்துக்குறோம்” என்று ரிப்பேர்காரர் சொன்னதை நம்பி மூன்று வாரம் எடை போட்டோம். தராசு ரிப்பேர் செய்கிறவர் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். அதையும் நாங்கள் கேட்கவில்லை. முத்திரைக்குக் கொண்டுபோயிருந்தால் அந்தப் பழைய லோடு செல் அங்கேயே பிடிபட்டிருக்கும். அந்தக் கம்பெனி மீது எழுத உட்கார்ந்தபோது, முதலில் எங்கள் தவற்றைத்தான் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் பேசிப் பேசி ரூ. 3,000 திருப்பி வாங்கினோம். பருப்பு எடுத்தவர்களுக்குக் குறைவை நாங்கள் கொடுத்தோம்.

லோடு செல்லை வீட்டிலேயே சோதிக்க வழி உண்டு. முத்திரையுள்ள 20 கிலோ எடைக்கல்லை மேடையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எண் மாறக் கூடாது. பிறகு கனமான பாரத்தை அரை மணி நேரம் வைத்திருங்கள். எண் மெல்ல ஊர்ந்தாலோ, இறக்கியபின் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டாலோ முத்திரை அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது.

ஃப்ரீசர் கம்ப்ரசரில் பெயின்ட்தான் ஏமாற்றும். பழைய கம்ப்ரசருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டினால் புதிது போலவே இருக்கும். ஓட்டைப் பிரித்து மறுபடி வெல்டிங் வைத்திருந்தால் தையல் ஒழுங்காக இராது. செம்புக் குழாய் முனைகளைப் பாருங்கள்; புதியதில் அடைப்பான் போட்டு வரும், முன்பு பற்றவைத்த தடம் இருக்காது. பெட்டியைப் பிரிப்பது நம் கண்முன்னே நடக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் முனைகளில் கிளாம்ப் கடித்த தடம், தயாரிப்புத் தேதிக் குறி, உத்தரவாத அட்டையில் உள்ள நம்பர் இவற்றை ஒத்துப் பார்த்தால் போதும்.

புதுப்பித்த பாகத்தைப் போடுவதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய மாடலுக்குப் புது பாகம் கிடைக்காத சமயத்தில் அதுதான் கைகொடுக்கும். சொல்லிப் போட வேண்டும், விலையும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். போன வருடத்துப் பருப்பை இந்த வருடத்துப் பருப்பு என்று நாம் விற்றால் வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ அதைத்தான் நாமும் நினைக்கிறோம்.

இப்போது எங்கள் மண்டியில் பில் இல்லாமல் ரிப்பேர் கிடையாது. வரி கூடுகிறதே என்கிறவர்கள், வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த வரி வரவாகத் திரும்புகிறது என்பதை நினைக்க வேண்டும். பில்லில் இப்படி எழுதி வாங்குகிறோம்: “இந்த நம்பருள்ள பழைய லோடு செல் கழற்றி உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த நம்பருள்ள புதிய லோடு செல் பொருத்தப்பட்டது. விலை இவ்வளவு, கூலி இவ்வளவு. உத்தரவாதம் 12 மாதம்.” கழற்றிய பாகத்தை விட்டுக் கொடுப்பதில்லை. அவர் எடுத்துக்கொள்வதானால் அதற்குரிய விலையைக் கழித்துப் பில்லில் காட்டச் சொல்லுகிறோம்.

சென்ற வருடம் சின்னத் தராசு ஒன்று பழுதாகி ஒரு புது ஆளைக் கூப்பிட்டோம். ரூ. 4,000 என்றார். இந்த வரிகளை எழுதச் சொல்லித் தாளை நீட்டினோம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “இது ரீகண்டிஷன் பீஸ் சார், ஆயிரத்து எண்ணூறு கொடுங்க” என்றார். அதையும் அப்படியே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, தராசை முத்திரைக்கு அனுப்பினோம்.