கசிவுக்கு எவ்வழி?

புராஸ்டேட் சுரப்பியில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்குத் திரும்பும் முதியவர்களிற் பலர், தம்மையறியாமல் சிறுநீர் கசிவதற்கு உபாயம் யாதென்று வைத்தியரை வினவாமல், பட்டணத்துப் பிள்ளைகள் வற்புறுத்துவதையோ அடுத்த வீட்டார் வாங்கியதையோ பின்பற்றுவதைக் கண்டதனாலேயே இதனை எழுத நேர்ந்தது. துணி, டயப்பர், ஆணுறுப்பில் அணியும் உறையோடு இணைந்த சிறுநீர் சேரும் பை, அப்பியாசம், மறு சிகிச்சை என்பவை எல்லாரும் அறிந்த வழிகளே.

இவற்றுள் அளவுக்கு மீறிப் புகழப்படுவது டயப்பர். ஒன்றின் விலை முப்பது ரூபாய் என்று கொண்டாலும், நாளுக்கு மூன்றாக மாதம் 2,700 ரூபாய் ஆகிறது; முதியோர் உதவித்தொகையோ 2023-இல் உயர்த்தப்பட்டபோதும் 1,200 ரூபாய்தான் ஆயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றாலும், மருந்துக்கடைக்கு மாதந்தோறும் அளக்கும் இப்பணம் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. பிள்ளைகள் பெட்டி பெட்டியாக அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருக்க, முதியவரோ நனைந்தது தெரியாதிருப்பதே சுகமென்று, கசிவைக் குறைக்கும் பிரயாசையையே கைவிடுகிறார். காசை மிச்சம் பிடிக்க ஒன்றையே பகல் முழுதும் கட்டியிருந்து தொடையிடுக்கில் புண்ணையும் வரவழைத்துக்கொள்கிறார். பஸ் பிரயாணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் அது உதவட்டும். நித்தியத் துணையாகக் கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

நான் துணியின் கட்சி. என் தமையனார் பழைய வேட்டியை மடித்துக் கோவணத்துள் வைத்தே சமாளித்தார். ஆயினும் குற்றாலத்துச் சாரல் மாதங்களில் துணி உலராது. அதைத் துவைத்த நேரத்தில் மதினி சுற்றாமல் விட்ட பீடிக்குரிய கூலியும் நோயின் செலவே என்பதை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

செலவில்லாத வழி அப்பியாசம். சிகிச்சையின்போது சிறுநீர் வடிய வைத்த குழாயை எடுத்த பின்பு, அபான வாயுவை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கி, மூச்சை அடக்காமல் ஐந்து விநாடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். வேளைக்குப் பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. 1948-இல் ஆர்னால்ட் கீகல் என்னும் அமெரிக்க வைத்தியர் பெண்களுக்கென வெளியிட்ட முறை இது, ஆண்களுக்கும் பயன்படுகிறது. வீக்கத்துக்காகச் சுரப்பியைச் சுரண்டி எடுத்தவர் பெரும்பாலும் விரைவில் தேறுவார். புற்றுநோய்க்காக முழுதும் நீக்கப்பட்டவருக்கு ஓராண்டும் ஆகலாம். ஆதலின் பிறருடைய தேகத்தோடு தம் தேகத்தை ஒப்பிட்டுச் சஞ்சலப்படாமல், பலன் தெரியாத வாரங்களிலும் பயிற்சியைக் கைவிடாத பொறுமை வேண்டும். எந்த வித்தையும் அவ்வாறன்றி வசப்படுவதில்லை.

ஓராண்டுக்குப் பின்னும் கசிவு நில்லாவிடில் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்தும் சிகிச்சை உண்டு. அக்கருவி மாத்திரமே சில லட்சம் ரூபாய் பெறுமாதலால், நிலத்தை அடகு வைக்குமுன் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, கசிவின் காரணம் என்ன, காப்பீடு எவ்வளவு ஏற்கும் என்ற இரண்டையும் கேட்டு அறிந்துகொள்க.