குண்டுப் பட்டையைக் கோத்தவர்

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் வாழ்க்கையை எழுதுவதுதான் என் பிழைப்பு. மாதச் சம்பளம் கிடையாது. கட்டுரைக்கு இவ்வளவு என்று வருவதுதான். அதனால் பத்திரிகை ஆசிரியர்களைப் பகைத்துக்கொள்ளாதே என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ஒருவரைப் பகைத்துக்கொண்டேன். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சொன்னால், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

அந்தப் பகை ஒரு பெரியவரின் கதையால் வந்தது. 1971 போரில் நாட் விமானங்கள் இருந்த ஒரு படைப்பிரிவில் ஆயுதப் பகுதி ஃபிட்டராக இருந்தவர் அவர். கோவைக்காரர். நாட் மிகச் சிறிய போர் விமானம். இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட வராது. பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை விரட்டியதாகப் பெயர் வாங்கிய விமானம்தான். ஆனால் நடுவானில் பீரங்கி சிக்கிக்கொள்ளும் என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு. அதிலிருந்த இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளுக்கும் குண்டுப் பட்டையைக் கோத்து, மடிப்பு விழாமல் உள்ளே இறக்குவது இவர் வேலை. விமானம் திரும்பியதும் முதலில் குண்டு மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார். தீர்ந்திருந்தால் நிம்மதி. மிச்சமிருந்தால், எதிரி அகப்படவில்லையா, பீரங்கி சிக்கிக்கொண்டதா என்று விமானி இறங்கி வந்து சொல்லும்வரை இவருக்கு வயிறு கலங்கும். எஃப்-700 என்ற பதிவேட்டில் ஃபிட்டர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி கையெழுத்திட்டு விமானத்தை எடுப்பார். "என்ற சண்டை அந்தக் கையெழுத்துதான் அம்மிணி" என்றார். ஐம்பது ஆண்டுகளாக வீட்டில்கூட யாரும் கேட்காத கதை அது.

நான் எழுதிக் கொடுத்தது இதைத்தான். வந்தது வேறு. டிசம்பர் 16 வெற்றி நாளுக்கான சிறப்பிதழ் என்று அவசரப்பட்டு வாங்கிக்கொண்ட அந்தப் பத்திரிகை, அவரே சேபர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதாகத் தலைப்பு வைத்தது. தலைக்கவசம் போட்ட யாரோ ஒரு விமானியின் படத்தையும் பக்கத்தில் சேர்த்தது. பீரங்கி சிக்கிக்கொள்ளும் பகுதி முழுவதும் வெட்டு. "வாசகருக்கு வீரம் வேண்டும்" என்பது ஆசிரியர் தந்த விளக்கம். மறுப்புப் போட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே பெரியவரின் பழைய சகாக்கள் அவருக்குப் போன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அடுத்தவன் சண்டையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான் என்பதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்குள் கிடையாது. "நான் எப்ப அம்மிணி ஏரோப்ளேன் ஓட்டுனேன்?" இந்த ஒரு கேள்வியோடு பேச்சை நிறுத்திவிட்டார். தருவதாகச் சொன்ன புகைப்படங்கள் வரவில்லை. கூடப் பணியாற்றியவர்களிடம் அழைத்துப் போவதாகச் சொன்னதும் போயிற்று. ஒரு படைப்பிரிவின் தரைப்பணியாளர்கள் மொத்தப் பேரின் கதையும் அந்த ஒரு தலைப்பால் என் கையை விட்டுப் போனது. 1971-இல் இருபது வயதுக்காரருக்கு இன்று எழுபத்தைந்து. இன்னொரு வாய்ப்பு எங்கே வரும்?

ஆகவே, கட்டுரையைக் கொடுக்கும்போதே தலைப்பு, படம், படக்குறிப்பு மூன்றையும் அச்சுக்கு முன்னால் எனக்குக் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுப்பதில்லை. பணம் குறையும், குறையட்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மற்றவை எளிது. ஆள் கிடைக்க அலைய வேண்டாம், படைவீரர் கேன்டீனிலும் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனையிலும் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். விமானப்படைத் தளங்கள் உள்ள சூலூர், தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஜெட் இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே படம் எடுங்கள். மனைவியையும் உட்கார வையுங்கள். பிள்ளை பிறந்த வருஷத்தை வைத்து மாறுதல் ஆணைகளை அவர்தான் வரிசைப்படுத்துவார். சொல்ல மறுக்கும் விஷயத்தைத் தோண்டாதீர்கள். அரசு ரகசியச் சட்டம் அவர்கள் மனதில் இன்னும் ஆணையாகவே இருக்கிறது.

போகும் முன் படித்துவிட்டுப் போங்கள். 1971-இன் கிழக்குப் போர்முனைக்கு ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் எழுதிய 'ஈகிள்ஸ் ஓவர் பங்களாதேஷ்' இருக்கிறது. படிக்காமல் போனால் எதிரில் இருப்பவர் உங்களுக்குப் பாடம் நடத்துவதிலேயே களைத்துப்போவார்.

விமானிகளை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில், குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து கிளம்பிப் போரிட்டு இறந்த நிர்மல்ஜித் சிங் செக்கோனை எத்தனை முறை எழுதினாலும் தகும். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18-ஆம் படைப்பிரிவு 2020-இல் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு இயங்கத் தொடங்கியது. ஆனால் அன்று அவருடைய நாட் விமானத்தையும் யாரோ ஒரு ஃபிட்டர்தான் தயார் செய்து கொடுத்திருப்பார். அந்த ஃபிட்டரின் பெயரைக் கேட்ட ஆசிரியர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 8 விமானப்படை நாளுக்கும் டிசம்பர் 16-க்கும் பத்து நாள் முன்னால் வரும் பத்திரிகை அழைப்புகளை நான் இப்போது ஏற்பதில்லை. ஜனவரியில் பேசத் தொடங்குங்கள். எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கதை சொன்னவரிடம் கொடுத்து, பேனாவையும் கொடுங்கள். அவர் அடித்ததை அடித்தபடியே விடுங்கள். இதழில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பிரதியில் ஒன்று அவர் வீட்டில் இருக்க வேண்டும்.