எப்வொர்த் குருமனை

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியாகிய லிங்கன்சயரில் எப்வொர்த் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்த் திருச்சபையின் குருவாக விளங்கியவர் சாமுவேல் வெஸ்லி என்பார். அவர் மனைவி மக்களுடன் வாழ்ந்த குருமனை, மரச்சட்டங்களை நாட்டி, இடையே சுதை பூசி, மேலே வைக்கோல் வேய்ந்தது. மூன்று நிலைகளும் ஏழு பெரிய அறைகளும் உடையது. ஆயினும், நெருப்புக்கு எளிதில் இரையாகத் தக்கது.

1709ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் இரவில் அம்மனை தீப்பற்றியது. அனைவரும் வெளியேறினர், ஐந்து வயதுச் சிறுவன் ஜான் மட்டும் மாடியில் அகப்பட்டுக்கொண்டான். படிகள் எரிந்தமையால் தந்தையாரால் ஏற இயலவில்லை. ஏணி கொணரவும் பொழுதில்லை. ஒருவர் தோள்மேல் மற்றொருவர் ஏறி நின்று, சாளரத்தின் வழியே அவனை வாங்கினர். அந்நொடியே கூரை உள்நோக்கி விழுந்தது!

அவ்விடத்தில் சாமுவேல் எழுப்பிய புதுமனை செங்கல்லால் ஆனது. உயர்ந்த சாளரங்கள் அதன் முகப்பில் ஒழுங்குற வரிசைப்பட்டு நிற்கின்றன. அரசி ஆன் காலத்துக் கட்டட முறைக்கு அஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அன்று உயிர் தப்பிய சிறுவனே பிற்காலத்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி. அம்மனை 1957 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அழிவு கண்டு அயராது, அதன் காரணம் உணர்ந்து கட்டுவோரின் பணி நிலைத்து நிற்கும் என்பதை அச்செங்கற் சுவர்கள் இன்றும் உணர்த்துகின்றன.